ரத்தத்துக்கு வைத்த டார்கெட்

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு, என்ற மூன்றெழுத்தைப் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டு நீங்கள் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எனக்குக் கடைசிவரை அந்த யோகம் இல்லை. மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் விளையாட்டு உடைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் நான் மனிதவள மேலாளராக இருந்தேன். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, தொழிலாளர் விடுதியில் தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்குவது, இதெல்லாம்தான் என் வேலை. ஒரு நாள், எங்களிடம் உடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் "சமூகத்துக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுக் கடிதம் போட்டது. நாங்கள் தவுக்கே என்று கூப்பிடும் முதலாளி அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நானும் சமூகப் பொறுப்பாளர் ஆகிவிட்டேன்.

முதல் இரண்டு வருஷம் ஊரே செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஒரு தமிழ்ப்பள்ளிச் சுவருக்குச் சாயம் அடித்தோம். அதற்கு முந்தின வருஷம்தான் வேறொரு கம்பெனி வந்து அதே சுவருக்குச் சாயம் அடித்துப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. தலைமையாசிரியை நல்ல மனுஷி. "பரவால்லைங்க, அடிங்க. கக்கூச ரிப்பேர் பண்ணத்தான் யாரும் வரமாட்டேங்கிறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கக்கூஸ் படத்தில் நன்றாக வராதே! நாங்களும் சிரித்துவிட்டுச் சுவருக்கே அடித்தோம்.

இந்த மாதிரிக் கூத்துகளை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீங்களே பழகிக்கொள்வீர்கள். நான் சொல்ல நினைப்பது, நாங்கள் ரத்ததான முகாம் நடத்திய ஒரு நாளைப் பற்றி. அந்த நாளில் ஒரு பெண்ணின் பிழைப்பு என் கையில் வந்து விழுந்தது. அன்றைக்கு அதைக் காப்பாற்றினேன். இரண்டு வாரம் கழித்துக் கோட்டை விட்டேன். பணி ஓய்வு விழாவில் எல்லாரும் என்னைப் புகழ்ந்து பேசும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

ரத்ததானம் என்பது நல்ல காரியம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ரத்தம் எப்போதும் தேவை. எங்கள் தொழிற்சாலையிலோ ஆள்பலத்துக்குக் குறைவில்லை. முதல் முகாமுக்கு இருபது சொச்சம் பேர்தான் வந்தார்கள். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்துத் தொழிற்சாலையில் அதைவிட மூன்று மடங்கு ரத்தம் கொடுத்து, கேடயம் வாங்கி, வரவேற்பறையில் வைத்திருந்தார்கள். "அடுத்த வருஷம் நூறு பை" என்றார். எனக்கும் ரோஷம் வந்தது.

என் வீடு குளுவாங்கில். தினமும் ஆயர் ஈத்தாம் வழியாகத்தான் காரில் வேலைக்குப் போவேன். அங்கே ஒரு காலை நேர நெரிசலில், பானைக் கடைகளுக்கு முன்னால் வண்டி நகராமல் நின்றபோது, அந்த யோசனை வந்தது. வந்த சந்தோஷத்தில் ஸ்டியரிங்கைத் தட்டினேன் என்று ஞாபகம்.

எங்கள் தையல் கூடத்தில் ஆறு லைன்கள், அதாவது மெஷின் வரிசைகள். ஒவ்வொரு லைனின் தலைமாட்டிலும் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். இந்த மணிக்கு இத்தனை உருப்படி தைக்க வேண்டும், இத்தனை தைத்திருக்கிறார்கள் என்று மணிக்கு மணி அதில் எழுதுவார்கள். பலகையில் பின்தங்கிய லைனுக்கு அன்றைக்கு முகம் தொங்கிப்போகும். எதையும் பலகையில் எழுதிவிட்டால் நடந்துவிடும் என்பது எங்கள் தொழிற்சாலையின் மதம். அதனால் நான் ரத்தத்துக்கும் ஒரு பலகை வைத்தேன். மேலே சிவப்புச் சொட்டு ஒன்று வரைந்து, கீழே ஆறு லைன்களின் பெயரும் போட்டேன். அதிகம் பேர் ரத்தம் கொடுக்கும் லைனுக்கு மட்டன் பிரியாணி விருந்து, ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். சிலருக்கு மனசு இருக்கும், உடம்பு இடம் கொடுக்காது. பரிசோதனையில் மிஸ்ஸிகள், அதாவது தாதிகள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களால் லைன் தோற்றுப்போகக் கூடாதல்லவா? அதனால் 'ரிஜெக்ட்' என்று தனியாக ஒரு கட்டம் போட்டு, அதற்கு அரைப் புள்ளி வைத்தேன். எவ்வளவு தாராளம் பாருங்கள்! மேற்பார்வையாளர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோழியைக் கேட்டா மசாலா அரைப்பார்கள்?

நான்காவது லைனின் மேற்பார்வையாளர் லெட்சுமி. வாய்த்துடுக்கான ஆள், ஆனால் வேலையில் புலி. பலகையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அலமாக்! ரத்தத்துக்கும் டார்கெட்டா மேடம்? ஓவர்டைம் உண்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேலியில் ஒரு எச்சரிக்கை இருந்தது என்று பிறகுதான் எனக்கு உறைத்தது.

முகாம் நாளில் கேண்டீனையே ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டோம். ஆறு கட்டில்கள், மூன்று மிஸ்ஸிகள், பாரம், அதாவது படிவம், நிரப்ப ஒரு நீள மேசை. என்ன மருந்து சாப்பிடுகிறாய், வலிப்பு உண்டா, மஞ்சள் காமாலை வந்ததா என்று பாரத்தில் வரிசையாகக் கேள்விகள். மேசைக்குப் பக்கத்திலேயே லைன் மேற்பார்வையாளர்கள் பலகையில் எழுதுவதற்காக மார்க்கரும் கையுமாக நின்றார்கள். அவர்களை அங்கே நிறுத்தியதும் நான்தான். பகல் சாப்பாட்டுக்குள் அறுபது பை தாண்டிவிட்டது. இரண்டாவது லைனும் நான்காவது லைனும் சமமாக நின்றன. தையல் கூடத்தில் ஒரே கூச்சல், கைதட்டல். கால்பந்து மைதானம் தோற்றது போங்கள்.

மத்தியானம் மூன்று மணிக்கு என் அறைக் கதவைத் தட்டிவிட்டுப் புனிதா உள்ளே வந்தாள். நான்காவது லைனில் ஓவர்லாக் மெஷின் ஓட்டுபவள். துணி ஓரத்தைக் கத்தி நறுக்கும்போதே ஊசி தைத்துக்கொண்டு போகும் மெஷின் அது. அதை அவள் அளவுக்கு வேகமாக ஓட்டும் ஆள் எங்களிடம் இல்லை. கணவன் இல்லாமல், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளை வைத்துக்கொண்டு பிழைக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். முழங்கை மடிப்பில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், என் ரத்தத்த யாருக்கும் ஏத்த வேணாம்னு மிஸ்ஸிகிட்ட சொல்லிடுங்க."

"ஏம்மா?"

"நான் வலிப்பு மாத்திரை சாப்பிடறேன். பாரத்துல இல்லன்னு போட்டுட்டேன். ஏதாச்சும் கொழந்தைக்கு ஏத்திட்டாங்கன்னா?" அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "வேலைக்குச் சேர்றப்பவும் இல்லன்னுதான் எழுதுனேன். சொன்னா மெஷின்ல உக்கார விடுவீங்களா?"

"அப்புறம் ஏம்மா போய்க் கொடுத்தே? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படி மேடம் சொல்றது? ஒரு ஆள் கொறையுதுன்னு லெட்சுமி அக்கா வந்து நிக்கிறாங்க. மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. ரிஜெக்ட் ஆனாலும் ஏன் ரிஜெக்டுன்னு லைனே கேக்கும். கொடுத்துட்டா மட்டுந்தான் யாரும் கேக்க மாட்டாங்க."

நான் வைத்த அரைப் புள்ளிக் கட்டம் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அப்போதுதான் புரிந்தது. போகவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல், பொய் சொல்வது ஒன்றுதான் வழி என்று ஆக்கிவைத்திருந்தேன். அந்தப் பொய்யோடும் அவளால் ஒரு மணி நேரத்துக்குமேல் இருக்க முடியவில்லை. யாரோ முகம் தெரியாத பிள்ளைக்காகத் தன் வேலையைத் தூக்கி என் மேசையில் வைத்துவிட்டு நின்றாள். சமூகப் பொறுப்பு என்று நான் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். அதை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான், அதுவும் என்னால் மாட்டிக்கொண்ட ஒருத்தியிடம். எனக்கு வெட்கமாக இருந்தது.

"எட்டு வருஷமா ஒருவாட்டிகூட வரல மேடம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி வேன் கிளம்ப வேண்டும். மூத்த மிஸ்ஸி, நடுத்தர வயது மலாய்க்காரப் பெண்மணி, குளிர்ப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தனியாகக் கூப்பிட்டு, கொடுத்தவர்களில் ஒருவர் உண்மையை மறைத்துவிட்டார் என்று சொன்னேன்.

"பெயரை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பையை எடுத்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது" என்றார் மலாயில்.

பெயரை அவர் காதில் போட்டுவிட்டால் காரியம் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். முதலாளிக்கு நூறில்லாவிட்டாலும் எண்பதுக்குமேல் கிடைக்கும், புனிதாவின் ரகசியமும் தப்பும், எனக்கும் நல்ல பெயர். அந்தப் பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் வந்து சொன்னவள் ஒருத்தி. வந்து சொல்லாதவர்கள் எத்தனை பேர்? அரிசி மூட்டைக்காகச் சிலர், லைன் தோற்கக் கூடாதென்று சிலர், மேற்பார்வையாளரின் முகத்துக்காகச் சிலர் 'இல்லை, இல்லை' என்று டிக் போட்டிருக்க மாட்டார்களா? நேப்பாளத்திலிருந்து வந்த பையன்கள் பாதிப் பேருக்குப் பாரத்தில் இருந்த மலாய் புரிந்ததா என்பதே சந்தேகம். அந்தப் பைகளெல்லாம் எங்கோ ஒரு ஆப்பரேஷன் அறைக்குப் போகப்போகின்றன.

பலகையைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் மிஸ்ஸியிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் வந்தே இருக்க மாட்டோம்" என்றார்.

கொடுத்த எல்லாரையும் ஒருவர் விடாமல் திரும்பக் கூப்பிடுவது என்று முடிவு செய்தோம். என் அறை, முதலுதவி அறை, மாதிரி உடைகள் வைக்கும் அறை. மூன்றிலும் ஒவ்வொரு மிஸ்ஸி, கதவைச் சாத்திக்கொண்டு. உள்ளே போகிறவரிடம் ஒரே கேள்வி: உங்கள் ரத்தத்தைப் பயன்படுத்தலாமா, வேண்டாமா? காரணம் சொல்ல வேண்டியதில்லை. மிஸ்ஸி தன் தாளில் குறித்துக்கொள்வார். கம்பெனி ஆள் ஒருவரும் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது. எல்லாரும் போய் வந்தால் யார் 'வேண்டாம்' என்றார் என்று யாருக்கும் தெரியாது. மூத்த மிஸ்ஸி டாக்டருக்குப் போன் போட்டு அனுமதியும் வாங்கினார்.

உற்பத்தி மேலாளர் என்மேல் பாய்ந்தார். மறுநாள் காலையில் கண்டெய்னர் கிளம்ப வேண்டும், ஆறு லைனிலிருந்தும் ஆளை எழுப்பிக்கொண்டு போனால் எப்படி என்று கத்தினார். அவர் கோபம் நியாயமானதுதான். முதலாளி கத்தவில்லை, தாழ்ந்த குரலில் கேட்டார். "எண்பத்து நாலு பை வந்திருக்கு. வேணும்னே அதைக் குறைக்கப் போறியா? ரிப்போர்ட்ல என்ன எழுதுவே?"

"தெரியாது தவுக்கே. ஆனா இந்தப் பைங்கள இப்படியே அனுப்பினா நான் அந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். அவர், சீக்கிரம் முடி என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

தையல் கூடத்துக்குப் போய் மெஷின்களை நிறுத்தச் சொல்லி, ஒலிபெருக்கியில் விஷயத்தைச் சொன்னேன். பலகை வைத்தது என் தப்பு, போட்டி கிடையாது, ரத்தம் கொடுத்தவர் கொடுக்காதவர் எல்லாருக்குமே பிரியாணி, அரிசியை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவோம் என்றேன். சொல்லிக்கொண்டே பலகையைத் துணியால் துடைத்தேன்.

"மேடம், நாங்கதான ஜெயிச்சோம்!" லெட்சுமியின் குரல்.

நான் துடைப்பதை நிறுத்தவில்லை. அவர் தன் லைனைத் திரும்பிப் பார்த்தார். யார் கண்ணிலாவது ஏதாவது தெரிந்ததோ என்னவோ, முகம் மாறிவிட்டது. "சரி லா, வாங்க, வாங்க. நான் மொதல்ல போறேன்" என்று அவரே வரிசையின் முன்னால் போய் நின்றார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புனிதாவும் மற்றவர்களோடு வரிசையில் நின்று, உள்ளே போய், வெளியே வந்து, மெஷினில் உட்கார்ந்தாள். யாரும் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வேன் கிளம்பும்போது மூத்த மிஸ்ஸி கண்ணாடியை இறக்கி, "கேட்டது நல்லதாகப் போயிற்று" என்றார். ஒரே ஒரு பைக்காக அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். எத்தனை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் பெரிய மனுஷி. உங்கள் பயிற்சி வகுப்புக்கும் அதுதான் வசதி. தொழிலாளியிடம் முதலாளி நன்கொடை கேட்டால் அது கேள்வி அல்ல, உத்தரவு என்று ஒரு பாடம் எழுதிக்கொள்ளலாம். மறுக்கிறவன் காரணம் சொல்லாமல் மறுக்க வழி வைத்துவிட்டுத்தான் எந்த நல்ல காரியத்தையும் தொடங்க வேண்டும் என்று இன்னொன்றும் எழுதிக்கொள்ளலாம். இரண்டும் சரிதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நீங்கள் கேட்க வேண்டும்.

அதற்கடுத்த நாட்களில் எனக்கு நிம்மதி போய்விட்டது. தையல் கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் புனிதாவின் விரல்கள்தான் கண்ணில் பட்டன. அந்தக் கத்திக்கு இவ்வளவு பக்கத்தில்! ஒரு நாள் வலிப்பு வந்து விரல் போய்விட்டால்? தெரிந்தே உட்கார வைத்தது யார் என்று கேட்பார்களே? எட்டு வருஷமாக வரவில்லை என்று அவள் சொன்னது காதில் விழுந்திருந்தது, மனசில் ஏறவில்லை. அது அவளைப் பற்றிய கவலையா, என்னைப் பற்றிய பயமா என்று இப்போது கேட்டால், பாதிக்குமேல் என்னைப் பற்றியதுதான்.

இரண்டு வாரம் கழித்து அவளை உடை சரிபார்க்கும் மேசைக்கு மாற்றிக் கடிதம் தயார் செய்தேன். சம்பளத்தில் குறைவில்லை, கத்தி இல்லை, ஊசி இல்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற திருப்தியோடு கையெழுத்துப் போட்டேன். இடமாற்றக் கடிதங்களை மேற்பார்வையாளர் வழியாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். வழக்கப்படி லெட்சுமியிடம் கொடுத்தனுப்பினேன்.

லைனிலேயே வேகமான கையை எதற்கு மெஷினிலிருந்து எடுக்கிறார்கள்? லெட்சுமி கேட்டார். பக்கத்து மெஷின்காரி கேட்டாள். ரத்தம் கொடுத்த அன்றைக்கு இவள் மேடம் அறைக்குள் போனதை யாரோ பார்த்திருந்தார்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பத்து மணி டீக்குள் வலிப்பாக இருக்குமோ என்பதுவரை பேச்சு வந்துவிட்டது. எண்பத்து நாலு பேரை வரிசையில் நிற்க வைத்துக் காப்பாற்றிய ரகசியத்தை, ஒரே ஒரு தாளில் நானே ஊர் அறிய வைத்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் புனிதா வந்தாள். இந்தத் தடவை கதவைத் தட்டவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து டாக்டர் கடிதங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். ஒவ்வொரு வருஷமும் வாங்கிய கடிதங்கள். மெஷின் வேலை செய்யலாம் என்று தெளிவாக எழுதியிருந்தது.

"நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே கொண்டாந்து காட்டியிருப்பேன்."

"உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்."

"தெரியும் மேடம்." அவள் கோபப்படவில்லை, எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. "என் ரத்தத்த எடுத்துக்கலாமா வேணாமான்னு என்னைய கூப்பிட்டு, கதவச் சாத்திக்கிட்டு, மரியாதையா கேக்க வெச்சீங்க. என் வேலைய மாத்தறதுக்கு மட்டும் ஏன் மேடம் என்னைய கேக்கல?"

கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன், நாளைக்கே உன் மெஷினில் போய் உட்கார் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"வேணாம் மேடம். இனிமே நூல் அறுந்து ஒரு நிமிஷம் சும்மா இருந்தாக்கூட எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். எங்கே போனாள், வேறு வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கத் தைரியம் வரவில்லை. ராஜினாமா பாரத்தில் காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே மனிதவள மேலாளரின் குறிப்புக்கு நான்கு வரி இடம் விட்டிருக்கும். அது அவளுடைய சொந்தக் காரணம் இல்லை என்று எழுத அந்த இடம் தாராளமாகப் போதும். நான் கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டேன்.